தொட்டுப் பார்க்கலாம் இந்த மரத்தை

கண்காட்சிக்குப் போனால் நம் கண்ணில் முதலில் படுவது 'தொடாதீர்கள்' என்ற அட்டைதான். இங்கிலாந்தின் வடக்கே, நார்தம்பர்லாந்து தேசியப் பூங்காவில் உள்ள 'தி சில்' என்ற மையத்தில் 2025 ஜூலை மாதம் ஒரு கலைப்படைப்பு திறக்கப்பட்டது. அங்கே அந்த அட்டை கிடையாது. ஆளைவிட உயரமான ஓர் அடிமரத் துண்டு, உயிரோடு வளர்ந்தபோது நின்ற மாதிரியே நிமிர்ந்து நிற்கிறது. பட்டையைத் தடவலாம். கட்டிப்பிடிக்கலாம். சுற்றிலும் வளைந்து வளைந்து செல்லும் மரச் சட்டங்கள், உட்கார இருக்கைகள். பொதுமக்கள் எழுதி அனுப்பிய சொற்களை அவற்றில் செதுக்கியிருக்கிறார்கள்.

வெட்டுண்டுபோன ஒரு மரத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்பீர்கள். மாணவர்களே, அந்த மரம் செத்துவிட்டதா இல்லையா என்பதே சுலபமாகத் தீராத கேள்வி. ஜெஞ்சாரோம், பந்திங், கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், விடையில் பாதி அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அது எப்படி என்று பிறகு பார்ப்போம். முதலில் மரத்தின் கதை.

2 நிமிடம் 41 விநாடி

கி.பி. 122-இல் ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன் கட்டத் தொடங்கிய நீண்ட கல்மதில் அந்தப் பக்கம் ஓடுகிறது. பனியுகம் முடிந்தபோது உருகி ஓடிய நீர், மலைமுகட்டை அறுத்து ஓரிடத்தில் பள்ளமாக்கிவிட்டது. மதில் அந்தப் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறும். பள்ளத்தின் நடுவில், பக்கத்தில் துணைக்கு ஒரு மரமும் இல்லாமல், ஒற்றையாக நின்றது ஒரு சைக்கமோர். மேப்பிள் இனத்தைச் சேர்ந்த மரம் அது. 1991-இல் வந்த ராபின் ஹூட் படத்தில் தலைகாட்டியது. 2016-இல் இங்கிலாந்தின் அந்த ஆண்டுக்குரிய சிறந்த மரமாகத் தேர்வு பெற்றது. அதன் கீழே திருமணத்துக்குச் சம்மதம் கேட்டவர்கள் உண்டு. இறந்தவர்களின் அஸ்தியைத் தூவியவர்களும் உண்டு.

2023 செப்டம்பர் 27 இரவு அங்கே புயல் வீசியது. விடிந்து பார்த்தால் மரம் மதில்மேல் சாய்ந்து கிடந்தது. புயலின் வேலை அல்ல அது. அறுபட்ட இடம் மேசைபோல் சமமாக இருந்தது. இரண்டு ஆண்கள் சங்கிலி ரம்பத்தோடு இருட்டில் நடந்து போய் அறுத்துத் தள்ளியிருந்தார்கள். அவர்கள் கைப்பேசியில் எடுத்த காணொளி பின்னர் நீதிமன்றத்தில் ஓடியது. அதன் நீளம் 2 நிமிடம் 41 விநாடி. நூறு ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்தது அந்த மரம்.

இந்த வழக்கில் தாவரவியலுக்கும் ஒரு வேலை கிடைத்தது. மரத்தை விரும்பிய பக்கம் சாய்க்க, முதலில் அடியில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். அந்தத் துண்டை இருவரும் நினைவுப் பொருளாகக் கொண்டுபோயிருந்தார்கள். காவல்துறைக்குத் துண்டு கிடைக்கவில்லை. காரின் பின்பெட்டியில் அது கிடக்கும் படம் மட்டும் கிடைத்தது. தடயவியல் தாவரவியலாளர் படத்தை ஆராய்ந்து, துண்டு இந்த மரத்துடையதுதான் என்பதற்கு மிக வலுவான சான்று இருப்பதாகச் சொன்னார். 2025 ஜூலையில் இருவருக்கும் தலா 4 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மரம் எழுதிய நாட்குறிப்பு

முதல் கண்காட்சி அதற்கு முன்பே, மரம் விழுந்து ஓராண்டான 2024 செப்டம்பரில், அதே மையத்தில் நடந்தது. அச்சுக்கலைஞர் ஷோனா பிரானிகன் அதற்காக ஒரு வேலை செய்தார். மரத்தின் குறுக்குவெட்டில் மை பூசித் தாளை அழுத்தி, வளையங்களை அப்படியே அச்சாக எடுத்தார். உருளைக்கிழங்கை வெட்டி மை தொட்டு அச்சு வைத்திருப்பீர்களே, அதே வித்தைதான். ஆனால் இங்கே வடிவத்தைச் செதுக்கியது கலைஞர் அல்ல, மரமேதான்.

அந்த வளையங்கள் எப்படி வந்தன? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மிக மெல்லிய உயிரடுக்கு இருக்கிறது. உள்பக்கமாகக் கட்டையையும் வெளிப்பக்கமாகப் பட்டையையும் உண்டாக்குவது அதுதான். இங்கிலாந்தில் வசந்தம் பிறந்ததும் கேம்பியம் வேகமாக வேலை செய்யும். கோடை முடியும்போது வேகம் குறைந்து, தடித்த சுவர் கொண்ட சின்னஞ்சிறு செல்களைக் கட்டும். குளிர்காலத்தில் ஒரேயடியாக ஓய்வு. அந்தத் தடித்த செல்களின் வரிதான் வளையமாகத் தெரிகிறது. ஆண்டுக்கு ஒன்று. வறண்ட ஆண்டில் வளையம் ஒல்லியாக இருக்கும், நல்ல மழை பெய்த ஆண்டில் அகலமாக இருக்கும்.

இப்போது ஜெஞ்சாரோமுக்கு வாருங்கள். இங்கே எது வசந்தம், எது குளிர்காலம்? ஜனவரியிலும் வியர்க்கிறது, ஆகஸ்டிலும் வியர்க்கிறது. எந்த மாதமும் மழை உண்டு. கேம்பியத்துக்கு விடுமுறையே கிடையாது. அதனால் நம் நாட்டு மரங்களில் பெரும்பாலானவற்றை அறுத்துப் பார்த்தாலும் நம்பி எண்ணக்கூடிய ஆண்டு வளையம் இருக்காது. பள்ளித் திடலோரம் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் வயதைக் கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் வெப்பமண்டல மரத்தின் கதையை எப்படிப் படிப்பது? பொறுமையாக, திரும்பத் திரும்ப அளந்துதான். நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் 50 ஹெக்டர் நிலத்தை 1980-களின் நடுவில் ஆய்வுக்காகக் குறித்துக்கொண்டார்கள். தண்டு 1 சென்டிமீட்டர் பருமனுக்கு மேல் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். 800-க்கும் மேற்பட்ட இனங்கள், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள்! ஏறக்குறைய 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி அளக்கிறார்கள். அங்கே மரம் நாட்குறிப்பு எழுதுவதில்லை. மனிதர்கள்தான் அதற்காக எழுதுகிறார்கள். தைப்பிங் ஏரிக்கரையில் கிளைகளைத் தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் புகழ்பெற்ற தூங்குமூஞ்சி மரங்கள் 1884-இல் நடப்பட்டவை என்று நமக்குத் தெரிவதும், அன்றைக்கு யாரோ அதை எழுதி வைத்ததால்தான்.

அடிக்கட்டையில் எட்டுத் துளிர்

2024 கோடையில், வெட்டுண்ட அடிக்கட்டையைப் பார்க்கப் போன பூங்காக் காவலர் குனிந்து பார்த்தார். அடியில் எட்டுத் துளிர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் முருங்கையை வெட்டிப் போட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். ஆனால் ஏன் துளிர்க்கிறது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஒரு பெரிய மரத்தின் அடிமரத்தில் பெரும்பகுதி உயிரற்றது. தண்ணீரை மேலே ஏற்றும் சைலக் குழாய்கள் செத்த பிறகுதான் வேலைக்கே வருகின்றன. செல்லின் உள்ளே இருப்பது காலியானால்தானே அது குழாயாகும்? உயிர் இருப்பது பட்டையை ஒட்டிய மெல்லிய உறையிலும், இலைகளிலும், மொட்டுகளிலும், வேர்களிலும்தான். ரம்பம் மேல்பாதியைக் கொண்டுபோனது. வேரும், வேரில் மரம் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தன.

அடிமரத்தின் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகளும் இருக்கின்றன. நுனிக் குருத்துகளில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழே இறங்கி வந்து, 'இப்போது எழுந்திருக்க வேண்டாம்' என்று அவற்றை அடக்கி வைக்கிறது. மரத்தை வெட்டியதும் ஆக்சின் வரத்து நின்றுபோகிறது. அடக்க ஆள் இல்லை. கீழே சாப்பாடு இருக்கிறது. மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. கரும்பு வெட்டிய கட்டையிலிருந்து வரும் பயிரை மறுதாம்பு என்பார்களே, அதே கதை. ஆனால் ஒன்று: பழைய ஒற்றை அடிமரம் இனி வராது. துளிர்கள் பிழைத்தால் அது பல தண்டுகள் கொண்ட குட்டையான புதர்மரமாகத்தான் இருக்கும். மதிலின் பள்ளத்தில் நின்ற அந்தக் குடை வடிவத்தை இன்றைக்கு உயிரோடிருக்கும் யாரும் மறுபடி பார்க்கப்போவதில்லை.

தாத்தாவுக்குத் தெரிந்த வித்தை

மரம் விழுந்த சில நாள்களிலேயே அதன் விதைகளையும் மொட்டோடு கூடிய குச்சிகளையும் சேகரித்து, இங்கிலாந்தின் தெற்கே டெவனில் உள்ள செடிப் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். விதைகளை முளைக்க வைத்தார்கள். குச்சிகளை அதே இனத்தின் இளங்கன்றுகளில் ஒட்டுக்கட்டினார்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. விதையில் பிறந்தது பிள்ளை. தாயின் மரபணுவில் பாதிதான் அதற்கு வரும், மீதி மகரந்தம் தந்த மரத்தினுடையது. ஒட்டில் வளர்ந்ததோ நகல். மேலே வளரும் கிளையின் ஒவ்வொரு செல்லிலும் இருப்பது வெட்டுண்ட மரத்தின் அதே மரபணு.

சரி, இனி தாத்தாவிடம் போவோம். ரப்பர்த் தோட்டத்து நர்சரியில் வேலை செய்தவராக இருந்தால் இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். நல்ல பால் மரத்தின் குச்சியிலிருந்து, ஒரு 'கண்' இருக்கும் பட்டைத் துண்டைச் சீவி எடுக்க வேண்டும். இளங்கன்றின் பட்டையில் கதவுபோல் கீறித் திறந்து, துண்டை உள்ளே செருகிக் கட்ட வேண்டும். சுமார் மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து லேசாகச் சுரண்டினால், பச்சையாக இருந்தால் வெற்றி. அப்புறம் கன்றின் தலையை வெட்டிவிட்டால் ஒட்டிய கண் துளிர்க்கும். (ஆக்சின் நினைவிருக்கிறதா?) வேர் ஒருவருடையது, தண்டு இன்னொருவருடையது. இரண்டின் கேம்பியமும் தொட்டுக்கொண்டால்தான் ஒட்டு பிடிக்கும். பழைய ரப்பர் மரத்தின் அடியில் யானைக்கால்போல் ஒரு புடைப்பு தெரிந்தால், அதுதான் இருவரும் சேர்ந்த இடம்.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்தவை சுமார் 2,700. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கோலகங்சாருக்குப் போயின. அந்தத் தலைமுறையின் ஒரு மரம் கோலகங்சாரில் இன்னும் வேலிக்குள் நிற்கிறது. விதையில் வளர்த்த மரங்களில் ஒன்று நிறையப் பால் தரும், பக்கத்து மரம் ஏமாற்றும். அதிகம் பால் தரும் தாய்மரங்களைத் தேடிப் பிடித்து ஒட்டுக்கட்டத் தொடங்கிய பிறகுதான் தோட்டங்கள் மாறின.

அப்படித் தாய்மரங்களைத் தேர்ந்தெடுத்துப் பெயர் வாங்கியது சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் பணியாற்றிய அதிகாரிகள் 1921-இல் தொடங்கியதால் அதற்குப் 'பெரும் போர்' என்று மலாயில் பெயர். அங்கே தேர்ந்தெடுத்த ஒரு வகைதான் பிபி 86. 'பி', 'பி' இரண்டும் தோட்டத்தின் முதலெழுத்துகள். பிபி 86-ஐயும் ஜாவாவின் ஜிர் 1 வகையையும் சேர்த்து மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியது ஆர்ஆர்ஐஎம் 600. மலேசியாவிலும் தாய்லாந்திலும் கோடிக்கணக்கில் நடப்பட்ட வகை இது. கோடி மரங்கள் என்கிறோம். மரபணுவைக் கேட்டால் எல்லாம் ஒரே மரம்.

பிராங் பெசாரில் இன்று தோட்டம் இல்லை. புத்ராஜெயா எழும்பியது அந்த மண்ணில்தான். அங்கே பால்மரம் வெட்டி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தாய்மரம் போய்விட்டது, அதன் மண்ணும் போய்விட்டது; அதன் மரபணு மட்டும் எத்தனையோ தோட்டங்களில் இன்னும் பால் சுரக்கிறது.

அந்த மரம் இருக்கிறதா, இல்லையா?

மரபணுவைக் கேட்டால் இருக்கிறது. ஆனால் மரம் என்பது மரபணு மட்டும் அல்ல. சைக்கமோரின் குடை வடிவம் அதன் மரபணுவும் அந்தப் பள்ளத்தின் காற்றும், பக்கத்தில் போட்டிக்கு மரம் இல்லாத வெளிச்சமும் சேர்ந்து செய்தது. அதே நகலை வேறிடத்தில் நட்டால் வேறு உருவம் எடுக்கும். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர் திடலில் வளர்ந்து மற்றவர் அறைக்குள் வளர்ந்தால் நிறம் ஒன்றாகவா இருக்கும்?

ஆலமரம் இந்தக் கேள்வியையே புரட்டிப் போட்டுவிடுகிறது. சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் நடு அடிமரம் 1989-இல் சூறாவளியில் விழுந்தது. விழுதுகள் நின்றன. கொல்கத்தாவுக்கு அருகே ஹவுராத் தாவரவியல் பூங்காவின் பேராலமரத்துக்கோ 1925-இல் பூஞ்சை அரித்த நடு அடிமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். நடுவே வெற்றிடம், சுற்றிலும் ஆயிரக்கணக்கான விழுதுகளோடு ஒரு காடு. ஆல் தன் நகல்களைத் தானே செய்துகொள்கிறது, அதுவும் நின்ற இடத்திலேயே. சைக்கமோருக்கு அந்த வசதி இல்லை.

சைக்கமோர் கன்றுகளை என்ன செய்தார்கள்? விழுந்த மரத்தின் உயரம் 49 அடி என்பதால் 49 கன்றுகளை நாடெங்கும் கொடுக்க முடிவெடுத்தார்கள். கேட்டு வந்த விண்ணப்பங்களோ ஏறக்குறைய 500.

சொற்களுக்கு ஒட்டு இல்லை

நகல் மரத்துக்கு மதில் கிடையாது, அந்தப் பள்ளம் கிடையாது, அங்கே தூவப்பட்ட அஸ்தி கிடையாது. மரபணுவில் ஏறாத இந்தச் சங்கதிகளைத்தான் கண்காட்சி பிடித்து வைக்கப் பார்க்கிறது. மரம் விழுந்தபின் மக்கள் ஆயிரக்கணக்கில் எழுதி அனுப்பினார்கள். தி சில் மையத்தில் அந்தச் சொற்களை மரச் சட்டங்களில் ஏற்றியவர் கலைஞர் சார்லி வின்னி. மரத்தை நீராவியில் வளைப்பது அவருடைய பாணி. மரச் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின், சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகும். அந்தச் சில நிமிடங்களில் வளைத்துப் பிடித்துக்கொண்டால், ஆறியதும் வளைந்தபடியே இறுகிவிடும். உடையாமல் மரத்தை முறுக்கும் ரகசியம் இவ்வளவுதான். மரத்தில் நினைவைச் செதுக்குவதைப் பார்க்க நீங்கள் இங்கிலாந்து போக வேண்டியதில்லை. ஜெஞ்சாரோமிலிருந்து பக்கம்தான் கேரித் தீவு. அங்குள்ள மா மெரி மக்கள் நீரே பத்து என்ற சதுப்புநில மரத்தின் செந்நிறக் கட்டையில் தங்கள் முன்னோர் ஆவிகளின் உருவங்களைச் செதுக்குகிறார்கள்.

எல்லா மரமும் அநியாயமாக விழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 மே 7-ஆம் தேதி கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் ஒரு பெரிய மரம் சாய்ந்து வாகனங்களை நசுக்கியது, ஒருவர் இறந்தார். முதிர்ந்த மரங்களில் சிலவற்றை வெட்டத்தான் வேண்டியிருக்கும். எதை வெட்டுவது என்று மர நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் வெட்டுவதற்கு முன் அதன் அளவையும் அச்சையும் எடுத்து வைக்க நிபுணர் தேவையில்லை. நீங்களே போதும்.

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளவுநாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுங்கள். அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். பாசோ காட்டில் அளப்பதும் அதே உயரத்தில்தான். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளக்க, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டால் மழை அழித்துவிடும். அளந்த உயரத்தை எழுதி வையுங்கள். பட்டை மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேயுங்கள். பட்டையின் வெடிப்புகள் தாளில் வந்துவிடும். பிரானிகன் எடுத்தது அறுத்த மரத்தின் அச்சு. உங்களுடையது நிற்கும் மரத்தின் அச்சு. அந்த மரத்தடியில் ஐஸ் விற்றவரையோ, பேருந்துக்குக் காத்திருந்தவரையோ கண்டால் இரண்டு வரி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தாளின் மூலையில் தேதியோடு நேரத்தையும் குறியுங்கள். தூங்குமூஞ்சி மரமானால் நேரம் முக்கியம். இலைக்காம்பின் அடியிலுள்ள புடைப்பில் செல்களுக்குள் நீர் போய்வருவதால் அதன் சிற்றிலைகள் மாலையில் மடிகின்றன. மலாயில் அதற்குப் 'புக்குல் லிமா' என்று பெயர்; 'ஐந்து மணி' என்று பொருள். ஆனால் 5 மணிக்கு மரத்தடியில் போய் நின்றால் இலைகள் பெரும்பாலும் விரிந்தே இருக்கும். பெயரைக் குறை சொல்லாதீர்கள். நூறு ஆண்டுகளில் நம் கடிகாரம்தான் பலமுறை முன்னே நகர்த்தப்பட்டது. கடைசியாக 1982 ஜனவரி 1-ஆம் தேதி அரை மணி நேரம் கூட்டினார்கள். 1905-க்கு முந்தைய 5 மணி என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 6 மணி 5 நிமிடம். அந்த நேரத்துக்குப் போய்ப் பாருங்கள்.